பறையைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டுச் செண்டையைப் பழிக்கலாமா?



சென்ற ஆண்டு எங்களூரில் ஒரு தமிழ்விழா நடந்தது. நடத்தியவர் அயலார் அல்லர், நம்மவரே. அழைப்பிதழில் ஓர் அயற்சொல்லும் புகாதவாறு மும்முறை மெய்ப்புப் பார்த்தவர். வரவேற்பு வளைவில் ஒற்றுப்பிழை ஒன்று கண்டு, இரவோடிரவாக அதை இறக்கித் திருத்தி மீண்டும் ஏற்றியவர். ஊர்வலத்தின் நடுவே புலவர்தம் படங்கள் சென்றன. முன்னணியில், பொற்கரை வேட்டியுடுத்து, தோளில் பெருங்கருவி தொங்க, இருபதின்மர் அடிவைத்து ஆடி முழக்கி வந்தனர். முழங்கியது செண்டை. சேரநாட்டிலிருந்து வந்த 'சிங்காரி மேளம்' அது.

அதே தெருவின் கோடியில், தேநீர்க் கடையோரம், பறைக்கலைஞர் நால்வர் கருவியைத் துணியிற் சுற்றி அக்குளில் இடுக்கி நின்றனர். விழாவென்று கேள்வியுற்று, அழைப்பு வருமோ என்று பக்கத்தூரிலிருந்து வந்தவர்கள். விழாக்குழுவினர் ஒருவரிடம் யான் சென்று, "இவர்களையும் முன்னே விடலாகாதா?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பறை வேண்டாம் ஐயா, சாவு நினைவு வந்துவிடும்" என்றார்.

அன்று மாலைக் கூட்டத்தில் தோழர் ஒருவர், மலையாளச் செண்டை தமிழகத்தின்மேற் படையெடுத்து வருகின்றது என்றும், அதனை எல்லைக்கு அப்பால் விரட்டவேண்டும் என்றும் முழங்கினார். கையொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. காலையில் அச்செண்டைக்கு முன்பணம் எண்ணிக் கொடுத்த கைகளும் அக்கையொலியில் இருந்தன. மேடையில் அமர்ந்திருந்த யானும் தட்டினேன். அக் கைதட்டலுக்கு நாணியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

செண்டை பறையை வெல்லவில்லை. பறையை நாமே வீழ்த்தினோம். அது விட்ட வெற்றிடத்திற்குச் செண்டையை நாமே வண்டி வைத்து அழைத்து வந்தோம். இதுவே யான் கூறவந்த செய்தி.

இரு கருவிகள்

கருவியின் இயல்பறியாது பழித்தலும், அறியாது போற்றலும் புலமைக்கு இழுக்கு. ஆகலின் முதற்கண் கருவிகளை நோக்குவோம்.

பறை ஒருமுகத் தோற்கருவி. மூன்று மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, இரும்புத் தகட்டால் இணைத்து, வட்டச் சட்டமாக்குவர். பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசை கொண்டு அதன்மேல் இழுத்து ஒட்டுவர். இடத்தோளிற் சார்த்தி, இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பும் வலக்கையில் குறுகித் தடித்த அடிகுச்சியும் ஏந்தி முழக்குவர். சிம்பு தோலின்மேல் தழுவி வீழ்வதால் வெடிப்பொலி எழும். அடிகுச்சி நடுவில் வீழ்வதால் அதிரொலி எழும். இவ்விரண்டின் பின்னலே பறையின் மொழி. முழக்குமுன் வைக்கோலோ சருகோ கொளுத்தி அத்தீயில் காய்ச்சுவர். ஈரம் போய்த் தோல் இறுகும். ஒலி கூர்மை பெறும்.

கருவி எடை குறைந்தது; ஆகலின் முழக்குவோனே ஆடுவோனும் ஆகின்றான். முன்னேறுதல், பின்வாங்குதல், எதிரெதிர் நின்று அடிக்கு அடி மறுமொழி கூறுதல், வட்டமிட்டுச் சுழலுதல், குந்தி எழுதல் என ஆடல் விரியும். இசைப்பவன் வேறு, ஆடுபவன் வேறு என்னும் பிரிவு பறையாட்டத்தில் இல்லை. அடிவகையும் ஒன்றல்ல. சாமிச்சாட்டு அடி, மருளடி, வாழ்த்தடி, ஒற்றையடி, மாரடிப்பு அடி என நிகழ்ச்சிக்கு ஏற்ப வகையுண்டு. இவற்றுள் சாவுக்குரியன சிலவே. கொடையும் விழாவும் வாழ்த்தும் எல்லாம் இதன் எல்லைக்குள் அடங்கியவை. சாவுக்கொட்டு என்று பெயரிட்டு மற்றவற்றை மறக்கடித்தவர் நாமே.

செண்டை இருமுகத் தோற்கருவி. பலாமரத்தைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டடி உயரமும் ஓரடி குறுக்களவும் உடைய உருளையாக்கி, வளையங்களில் ஏற்றிய தோலை இருமுகத்திலும் பொருத்திக் கயிற்றால் இறுக்குவர். ஒருமுகம் மெல்லிய தோலுடையது, உருட்டொலிக்கு உரியது. மறுமுகம் தோலைப் பல அடுக்காக ஒட்டியது. தாழ்ந்த முழக்கிற்கு உரியது. கழுத்திலோ தோளிலோ நிமிர்த்துத் தொங்கவிட்டு, மேல்முகத்தைக் கோல்களால் அறைவர். கோயில் மேளத்தில் இதனோடு இலைத்தாளம், கொம்பு, குழல் என்பன சேரும்.

அம்மேளத்தின் கட்டமைப்பு வியக்கத்தக்கது. பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலங்கள். முதற்காலத்தின் ஒரு சுற்று 96 எண்ணிக்கை உடையது. பின்பு 48, 24, 12, 6 எனப் படிப்படியாகச் சுருங்கும். யானைநடையில் தொடங்கி மழைக்கொட்டில் முடியும். திருச்சூர்ப் பூரத்தில் வடக்குநாதர் கோயில் மதிலகத்து இலஞ்சி மரத்தடியில் ஏறத்தாழ 250 கலைஞர் ஒருங்கு நின்று இரண்டு மணி நேரத்திற்கு மேல் முழக்குவர். கேட்போர் எண்ணிக்கை பிசகாது கைவீசிக் களிப்பர். இதனைக் குறைத்துரைத்தல் நம் செவியைக் குறைத்துரைத்தலாம்.

ஆயின், நம்மூர்த் திறப்பு விழாக்களிலும் கட்சி ஊர்வலங்களிலும் கேட்பது அம்மேளம் அன்று. சிங்காரி மேளம் என்பது கோயில் மேளத்தினின்று பிரிந்த பொதுமக்கள் கேளிக்கை வடிவம். கொம்பில்லை, குழலில்லை, செண்டையும் இலைத்தாளமுமே உள. 96-இலிருந்து 6 வரை இறங்கும் பொறுமை அதற்கு இல்லை. எடுத்த எடுப்பிலேயே விரைவு. கருவியின் எடையால் ஆடலும் அசைவும் அளவோடே அமையும். ஆகவே நாம் பொருள் கொடுத்துப் பெறுவது சேரநாட்டின் சிறந்த கலையும் அன்று. நம் நாட்டுக் கலையும் அன்று. அண்டைவீட்டார் சமைத்த விருந்தை விட்டு, அவர் கடையில் விற்கும் நொறுவலை வாங்கி வந்து, நம் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டோம்.

தெருவில் மாந்தர் காலை ஆட்டுவிக்கும் ஆற்றலில் பறை எதற்குத் தாழ்ந்தது? திரைப்படக் குத்துப்பாட்டு எதன் அடியைக் கடன்கொண்டு கோடிகளை ஈட்டுகின்றது? அப்பாட்டுக்குத் திருமண மேடையில் ஆடுகின்றவர்கள், அதே அடியைப் பறையில் கேட்டால் மூக்கைச் சுளிப்பதேன்?

இரண்டும் தோலே

"பறை தோற்கருவி; தீட்டு" என்பார் இன்றும் உளர். செண்டையின் முகத்தில் இருப்பது தாமரை இலையா? அதுவும் மாட்டுத்தோலே. இசையரங்கில் பட்டுவிரிப்பின்மேல் வைக்கும் மத்தளத்தின் முகம் எதனால் ஆயது? ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இல்லாமல் அதற்கு வாயே இல்லை. அத்தோலை உரித்துப் பதப்படுத்தித் தருபவர் எவர் என்பதை அரங்கில் எவரும் கேட்பதில்லை.

ஒரே தோல் ஒரு கருவியில் தூய்மை, மற்றொன்றில் தீட்டு என்றால், தீட்டு தோலில் இல்லை. தோலை அறையும் கையின்மேல் நாம் ஏற்றிய குலப்பெயரில் உள்ளது. கோயில் மேளம் சேரநாட்டில் நெடுங்காலம் மாரார், பொதுவாள் முதலிய கோயிற்குடியினர் கையில் இருந்தது. ஆகலின் செண்டை கோயிலுக்குள் நின்றது. பறை சேரிமக்கள் கையில் இருந்தது. ஆகலின் தேர்த்தெருவுக்கும் வரலாகாதாயிற்று. அங்கும் சாதியே அளவுகோல், இங்கும் சாதியே அளவுகோல். இதனை மறைத்து 'மலையாளப் படையெடுப்பு' என்று கூவுதல், வீட்டுத் திருடனைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் வழக்குத் தொடுப்பதை ஒக்கும்.

ஏட்டில் உயர்வு, தெருவில் இழிவு

நாம் மேடையில் என்ன பேசுகின்றோம்? தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தார் என்கின்றோம். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என நிலத்துக்கொரு பறை வகுத்த இனம் உலகில் வேறுண்டோ என்று வினவுகின்றோம். புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடிகிழார் தலையாய நான்கு குடிகளுள் ஒன்றாகப் பறையனை எண்ணினார் என்று மார்தட்டுகின்றோம். முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைக் கொல்லாது, கவரி வீசிய சேரவேந்தனை 50-ஆம் பாட்டில் காட்டி, தோற்கருவிக்குக் கட்டிலிட்டுப் போற்றிய மரபு எம் மரபு என்கின்றோம்.

பறைதல் என்றால் சொல்லுதல். சொல்லுவது பறை. பொருள் இத்துணைத் தெளிவாக அமைந்த கருவிப்பெயர் அரிது. மலையாளத்தார் இன்றும் நாள்தோறும் அவ்வினைச்சொல்லை வழங்குகின்றனர். நாமோ அவ்வினையையும் பெரும்பாலும் மறந்தோம்; அதன் பெயரை வசைச்சொல்லாக்கினோம். ஆங்கிலேயர் நம்மிடம் கட்டுமரமும் சுருட்டும் எடுத்துச் சென்றனர். கூடவே 'பறையர்' என்னும் பெயரையும் எடுத்துச் சென்று, ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் தம் அகரமுதலியில் ஏற்றினர். அப்பொருளை அவர்கள் தாமாகப் புனையவில்லை. நம் தெருக்களிற் கண்டே எழுதினர்.

மார்கழி விடியலில் கோயில்தோறும் ஆண்டாள் பாசுரம் ஒலிக்கின்றது. ஆயர்மகளிர் இறைவனிடம் வேண்டுவது என்ன? பறை. அச்சொல் கருவறை வரை செல்கின்றது, நாவால் ஓதப்படுகின்றது, உரையாசிரியர்கள் அதற்கு ஆழ்பொருள் விரிக்கின்றனர். பறையென்னும் சொல்லுக்குத் திருமுன் இடமுண்டு. பறையென்னும் பொருளுக்குத் தெருமுனையே இடம். இம்முரணைக் கண்டு சிரிக்கவும் அழவும் ஒருங்கே தோன்றுகின்றது.

கோயிலாரை மட்டும் குறைகூறித் தப்பிவிடவும் இயலாது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய நாளினின்று, மேடையில் தமிழ்ப்பாட்டு வேண்டும் என்று போராடினோம், முறையே. ஆனால் பாட்டின் மொழியைக் கேட்ட அளவு, முழக்குவோரின் இடத்தைக் கேட்டோமா? தமிழ்ப்பாட்டுக்கு மேடை கேட்ட நாம், தமிழ்ப்பறைக்கு ஒரு பாய்கூடக் கேட்கவில்லை.

சேரநாடு நமக்கு அயலா?

செண்டை மேளத்தாரின் பிற கருவிப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். கொம்பு, குழல், இலைத்தாளம். அவர்தம் ஐங்கருவி இசையில் திமிலை, இடக்கை, மத்தளம். இவற்றுள் நமக்கு அயலானது எது? சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் அடுக்கிய தோற்கருவிப் பட்டியலில் திமிலையும் இடக்கையும் உள்ளன. நாம் பட்டியலை வைத்துக்கொண்டோம். அவர்கள் கருவியை வைத்துக்கொண்டார்கள். நாம் மனப்பாடம் செய்தோம், அவர்கள் முழக்கினார்கள்.

சேரன் செங்குட்டுவன்முன் கொட்டிச்சேதம் ஆடிய கூத்தச்சாக்கையனின் ஊரை இளங்கோவடிகள் பறையூர் என்று குறித்தார். வஞ்சிக்காண்டம் நம்மது என்று உரிமை கொண்டாடிவிட்டு, அம்மண்ணின் முழவை மட்டும் பகையென்பது எவ்வகை அறிவு?

அவர்கள் செய்ததைக் காண்க. வள்ளத்தோள் முதலியோர் 1930-இல் கலாமண்டலம் தொடங்கினர். அங்குக் கதகளியோடு செண்டையும் பாடமாயிற்று. ஆசான், மாணவன், பாடமுறை, அரங்கேற்றம் என ஓர் ஒழுங்கு அமைந்தது. மட்டன்னூர் சங்கரன்குட்டி மாராருக்கு 2009-இலும், பெருவனம் குட்டன் மாராருக்கு 2011-இலும் நடுவணரசின் 'பதுமசிரீ' விருது வந்தது. நம் மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காக அவ்விருது வந்தது 2025-இல். அந்நாளில் நாம் மகிழ்ந்தோம், வாழ்த்தும் எழுதினோம். ஆனால் விருதுச் செய்தியைப் படித்து மகிழ்ந்த ஊர்களில் எத்தனை ஊர், அடுத்த திருவிழாவில் பறையைத் தேரின் முன்னே நிறுத்திற்று?

மறுத்தவர் வரலாறு

இங்கு ஒன்றை மறவாது கூறவேண்டும். பறையை விட்டவர் எல்லாரும் அதனை இழிவென்று எண்ணி விட்டாரல்லர். ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் கூலியின்றியோ கைப்பிடி நெல்லுக்கோ வந்து அடிக்கவேண்டும் என்பது கட்டாயமாக இருந்தது. நோயென்றாலும் வரவேண்டும், தன் வீட்டில் துயர் என்றாலும் வரவேண்டும். "இனி அடியோம்" என்று மறுத்தவர்கள் அடிபட்டனர், ஊர்விலக்கப்பட்டனர், வேலை மறுக்கப்பட்டனர். பறையைத் தீயிலிட்டவர்களும் உண்டு. காய்ச்சுதற்கு அல்ல, எரித்தற்கு. அத்தீயும் விடுதலைத் தீயே.

ஆகலின், 'தொன்மைக் கலையைக் காக்கின்றோம்' என்று கூறி அவர்தம் பிள்ளைகளை மீண்டும் சாவுவீட்டு வாயிலில் நிறுத்த எவருக்கும் உரிமையில்லை. 2022-இல் தமிழ்நாட்டரசு, ஊரில் ஆள்விட்டுத் தண்டோரா போடும் வழக்கத்தைத் தவிர்க்கச் சொன்னது. ஒலிபெருக்கி இருக்க ஒரு குடியினரையே அப்பணிக்கு ஏவுதல் முறையன்று என்பதால் அது நல்ல ஆணை. பறை காக்கப்படவேண்டும், பறையடித்தல் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் பறையைப் பற்றிப் பேசாதிருத்தலே நன்று.

ஒரு மாணவர் கேட்டது

தேநீர்க் கடையோரம் நின்ற நால்வருள் ஒருவரை யான் அறிவேன். இருபது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்தவர். செய்யுளை ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லும் நினைவாற்றல் உடையவர். விழா முடிந்த இரவு அவரைத் தேடிச் சென்றேன். வரவேற்றுப் பாயிட்டார், பழையபடி "ஐயா" என்றே அழைத்தார். நெடுநேரம் பேசியபின் கேட்டார்:

"ஐயா, அந்த 335-ஆம் பாட்டை நீங்கள் நடத்தியது நினைவிருக்கின்றதா? நான்கு குடியைச் சொல்லும்போது முதல் இரண்டு பெயரையும் விளக்கினீர்கள். மூன்றாம் பெயர் வந்ததும் விரைந்து கடந்துவிட்டீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் ஐயா?"

என்னிடம் மறுமொழி இல்லை. அவர் உள்ளம் நோகாதிருக்கவே அவ்வாறு செய்தேன் என்று அன்று எனக்கு நானே கூறிக்கொண்டதுண்டு. அது பொய். அச்சொல்லைக் கூறுங்கால் என் நாவில் இழிவு ஒட்டியிருந்தது. அதனை மறைக்கவே விரைந்தேன். அச்சொல் பெருமைக்குரியது என்று நான் மெய்யாகவே நம்பியிருந்தால், அவர் முகத்தைப் பார்த்து, நிமிர்ந்து நின்று, உரக்கக் கூறியிருப்பேன்.

இன்னும் ஒன்று. என் மகள் திருமணத்தை வடமொழி மந்திரமின்றித் திருக்குறள் ஓதி நடத்தினேன். பலர் புகழ்ந்தனர். மண்டபத்தில் நாதசுரம் இருந்தது, மெல்லிசையும் இருந்தது. பறை இல்லை. "சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பரோ" என்று அஞ்சினேன். மந்திரத்தை விலக்க இருந்த துணிவு, பறையை அழைக்க இல்லை. அயன்மொழியை எதிர்த்தல் எளிது; பகை வெளியே உள்ளது. சாதியை எதிர்த்தல் அரிது. பகை நம் வீட்டு உணவறையில் அமர்ந்து நம்மோடு உண்ணுகின்றது.

செய்யவேண்டுவன

பழித்தல் போதும், இனிச் செயல்.

1. நம் இயக்கத்தார் நடத்தும் ஊர்வலம், பொங்கல் விழா, நூல் வெளியீடு யாவற்றிலும் பறையே முன் செல்க. முன்பணம், வண்டி, தங்குமிடம், இலைபோட்ட உணவு ஆகியவை வெளியூர்ச் செண்டைக் குழுவிற்கு எவ்வாறோ அவ்வாறே பறைக் குழுவிற்கும். கலைஞர் பெயர் அழைப்பிதழில் புலவர் பெயரோடு அச்சாகுக.

2. சாவுவீட்டில் மட்டும் பறையை அழைப்பவர், இனித் தம் வீட்டு மணவிழாவிலும் புதுமனை புகுவிழாவிலும் அழைக்க. வாழ்விற்கு அழையாதவர் சாவிற்கும் அழையாதொழிக.

3. பறை ஒரு குடியின் சுமை ஆகாதிருக்க வேண்டுமாயின், எல்லாக் குடிப்பிள்ளைகளும் அதனைக் கற்க. இன்று மகளிரும் கல்லூரி மாணவரும் பறையேந்துகின்றனர், நல்ல தொடக்கம். புலவர் வீட்டுப் பிள்ளையும் தோளிற் சார்த்தட்டும். கற்பிக்கும் ஆசானுக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் அளிக்க.

4. தமிழாசிரியர் தோழர்களே, 335-ஆம் பாட்டை விரைந்து கடவாதீர். நின்று நடத்துங்கள், வகுப்பிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் பார்த்து நடத்துங்கள்.

இவற்றைச் செய்தபின், செண்டை வருமாயின் வரட்டும். அது நம் உடன்பிறந்தார் முழவு. விருந்தாக வந்து முழங்கட்டும். வீட்டார் பந்தியில் அமர்ந்திருக்கும்போது விருந்தினர் வருதல் சிறப்பு. வீட்டாரைத் தெருவில் நிறுத்திவிட்டு விருந்தினரை அமர்த்துதலும், பின் அவரை வசைபாடுதலும் தமிழர் பண்பாகா.

அண்மையில் அம்மாணவர் வீட்டில் காதணி விழா. அழைத்திருந்தார், சென்றேன். முற்றத்தில் வைக்கோல் கொளுத்திப் பறை காய்ச்சினர். தோல் இறுகும் மணம் எழுந்தது. சிம்பையும் அடிகுச்சியையும் என் கையில் கொடுத்து, "ஓர் அடி அடியுங்கள், ஐயா" என்றார். அடித்தேன். ஒழுங்காக வரவில்லை, பிள்ளைகள் சிரித்தனர். ஐம்பது கடந்த கைக்கு அது எளிதில் பணியவில்லை. ஆயினும் பறை என்றால் சொல்லுதல் என்று முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன், அது என்ன சொல்லுகின்றது என்பதை அன்றே முதன்முறை கேட்டேன்.

தமிழா! உன் நாவைத் தூய்மை செய்தாய், நன்று. இனி உன் தெருவைத் தூய்மை செய்!